வீடு எளிதில் கிடைத்தது, வயலுக்குத்தான் அனுமதி தேவைப்பட்டது

ஜப்பானியக் கிராமங்களில் பழைய வீடுகள் சும்மா கிடைக்கின்றன என்ற செய்தி எங்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எனக்கே திருப்பி அனுப்பி, “உண்மையா தம்பி?” என்று கேட்கிறார்கள். பாதி உண்மை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் ஏறத்தாழ 90 லட்சம், அதாவது மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருக்கும் நகரத்து வீடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம். எதற்கென்றும் இல்லாமல் அப்படியே விடப்பட்டவை மட்டும் சுமார் 38 லட்சம். வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

அப்படியொரு வீட்டைத்தான் ஹ்யோகோ மாநிலத்தின் தம்பா மலைப்பகுதியில் நாங்கள் வாங்கினோம். கருப்பு சோயா மொச்சைக்கும் காட்டுப்பன்றி இறைச்சிக்கும் குளிர்காலை மூடுபனிக்கும் பெயர்போன பகுதி அது. வீட்டோடு மூன்று தன் அளவுக்கு வயலும் வந்தது. ஒரு தன் என்பது ஏறத்தாழ 25 சென்ட். வீடு, வயல், பின்னால் ஒரு துண்டு மூங்கில் காடு எல்லாம் சேர்த்துக் கேட்ட விலை 30 லட்சம் யென். ஒசாகாவில் ஒரு நல்ல கார் அந்த விலைக்கு வரும். வீட்டைப் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பணம், காலம், பொறுமை மூன்றையும் அதிகம் கேட்டது அந்த மூன்று தன் வயல்தான். அதனால் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பானில் வீட்டுமனையை வெளிநாட்டவர் உட்பட யாரும் வாங்கலாம். வாங்கியதால் விசா கிடைக்காது என்பது வேறு விஷயம். வயலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. போருக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தத்தில் நிலப்பிரபுக்களிடமிருந்து குத்தகைதாரர்களின் கைக்கு வந்த நிலம் திரும்பவும் ஒருசிலரிடம் போய்க் குவியக் கூடாது என்று 1952இல் வேளாண் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் 3ஆம் பிரிவுப்படி, வயலை வயலாகவே வாங்குவதற்கும் அந்தந்த ஊராட்சியின் வேளாண்மைக் குழு அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. பணம் கைமாறியிருந்தாலும் செல்லாது, பத்திரப் பதிவும் ஆகாது.

2023 ஏப்ரல் வரை குறைந்தபட்சப் பரப்பு என்று ஒரு விதியும் இருந்தது. பொதுவாக 50 ஆர், அதாவது ஒன்றேகால் ஏக்கர். ஹொக்கைடோவில் 2 ஹெக்டேர். சில ஊர்கள் பாழ்வீட்டோடு சேர்ந்த நிலத்துக்கு மட்டும் இந்த அளவைக் குறைத்துக்கொடுத்தன. இப்போது அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான். மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. வாங்கும் நிலம் முழுவதையும் ஒழுங்காகப் பயிர் செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது தொடர்ந்து வயலில் இறங்க வேண்டும், இதற்கு ஆண்டுக்கு 150 நாள் என்பது பொது அளவுகோல். அக்கம்பக்கத்து விவசாயத்துக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது. விண்ணப்பத்தில் இப்போது நாட்டுரிமையையும் எழுத வேண்டும். அதற்காக மட்டும் யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

என் வேலை கணினியில், எங்கிருந்தும் செய்யலாம். ஆனாலும் பகலெல்லாம் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவனை விவசாயி என்று எந்தக் குழு நம்பும்? ஆகவே காகிதத்தில் விவசாயி என் மனைவி. கும்பகோணத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குழு உறுப்பினர்கள் நிலத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களும் அந்த ஊர் விவசாயிகள்தான். ரப்பர் பூட்ஸோடு வரப்பில் நடந்துகொண்டேதான் கேள்வி கேட்டார்கள். எந்த இயந்திரத்தில் நடுவீர்கள், அது யாருடையது, அறுத்த நெல்லை எங்கே காயவைப்பீர்கள், களைக்கு என்ன செய்வீர்கள். களை என்றதும் மனைவி, நாற்று நட்ட முதல் சில வாரங்கள் தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்தினால் பாதிக் களை முளைக்கவே முளைக்காது என்றார். அந்த நிமிடத்திலிருந்து மூத்தவர் என்னை விட்டுவிட்டு அவரிடமே பேசத் தொடங்கிவிட்டார்.

இங்கே நடைமுறை சார்ந்த ஒரு செய்தி. குழு பொதுவாக மாதம் ஒருமுறைதான் கூடும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு; தவறினால் அடுத்த மாதம்தான். ஆகவே ஒப்பந்தத்தில், அனுமதி கிடைத்தால்தான் கிரயம் நடைமுறைக்கு வரும், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று இரண்டு ஒப்பந்தம் போடலாம் என்று தரகர் சொன்னால் ஏற்காதீர்கள். வீடு உங்கள் பெயரில், வயல் இன்னொருவர் பெயரில் என்று முடிந்துபோக வாய்ப்பு உண்டு. அந்த வயல் உங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும்.

அடுத்தது, பதிவேட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும். எங்கள் நிலத்தில் பழைய கார் கொட்டகை ஒன்று தகரக் கூரையோடு நின்றது. பதிவேட்டில் அந்தத் துண்டு ‘புஞ்சை’. யாரோ, எப்போதோ, யாரிடமும் கேட்காமல் கட்டிவிட்டார்கள். கிராமங்களில் இது வெகு சாதாரணம், ஊரே செய்திருக்கும். ஆனால் விற்கும்போது அது மேலே வந்துவிடும். வயலை வேறு பயனுக்கு மாற்றி வாங்க 5ஆம் பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்றால், நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும் இணைக்க வேண்டும். எழுத வேண்டியவர் விற்பவர். எங்கள் விற்பனையாளர் நகோயாவில் குடியிருப்பவர். தாத்தா கட்டிய கொட்டகைக்காகப் பேரன் வருத்தம் தெரிவித்தார். பணிவான, மிக அழகான கடிதம். அது கிடைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

எல்லா வயலையும் இப்படி மாற்றிவிடவும் முடியாது. வேளாண் மேம்பாட்டுப் பகுதிக்குள் விவசாயத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வயலை இங்கே ‘நீல நிலம்’ என்பார்கள். அதில் கார் கொட்டகை, கடை, தங்கும் விடுதி எதையும் கட்ட அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகுதியிலிருந்து விலக்கு வாங்க வழி இருக்கிறது. ஓராண்டுகூட ஆகலாம், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வாங்குவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அப்போதே சொல்லிவிடுவார்கள். விளம்பரப் படத்தில் இந்த விவரம் இருக்காது.

பெயர் மாற்றம் இன்னொரு கதை. நம் ஊரில் பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே இருப்பது போலத்தான் இங்கேயும். வாரிசு பெயரில் பதிவது 2024 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சொத்து வந்தது தெரிந்த மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். காரணமில்லாமல் விட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். அதற்கு முன் கேட்பாரில்லை. எங்கள் வீடு விற்பனையாளரின் தாத்தா பெயரில் இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை குத்த வேண்டிய பங்காளிகள் சப்போரோவிலிருந்து ககோஷிமா வரை பரவியிருந்தார்கள். ஒருவர் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய நிலையில். அப்படிப்பட்டவர் சார்பில் முத்திரையிட நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் வேண்டும். இதையெல்லாம் பதிவு எழுத்தர் ஒருவர் செய்துமுடித்தார், செலவு விற்பவருடையது. நான் செய்தது ஒன்றே ஒன்று: பெயர் மாறிய நகலைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு யென்னும் கொடுக்கவில்லை. ‘நல்ல மனிதர்கள், நம்பலாம்’ என்பார்கள். நல்ல மனிதர்கள்தான். நடுவில் ஒரு வாரிசு இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளும் பட்டியலில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அதற்கு நல்ல மனிதர்கள் என்ன செய்ய முடியும்?

இனி வீடு. கூரை வைக்கோல் வேய்ந்தது, அதன் மேல் தகரம் போர்த்தியது. வெளியிலிருந்து பார்த்தால் தகரம்தான் தெரியும். உள்ளே பரணில் ஏறினால் பல தலைமுறை அடுப்புப் புகையில் கறுத்து மினுங்கும் உத்தரங்களும், அவற்றை இறுகக் கட்டிய வைக்கோல் கயிறுகளும். ஆணி மிகக் குறைவு. பார்த்த எல்லோரும் மயங்கும் இடம் அது. நான் பார்க்கச் சொல்வது கீழே. தத்தாமி பாயைத் தூக்கி, அடிப் பலகை இரண்டைக் கழற்றி, டார்ச்சோடு தரைக்குக் கீழே தலையை விடுங்கள். இந்த வீடுகளின் தூண்கள் கல் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், அஸ்திவாரம் என்று ஒன்று கிடையாது. கல்லிலிருந்து தூணில் ஏறும் விரல் பருமன் மண் கோடு தெரிந்தால் அது கறையான். தூணைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் குளியலறைப் பக்கத்துத் தூண்கள் உள்ளே பொள்ளல். குளியலறையும் சமையலறையும் எப்போதும் ஈரம் என்பதால் அங்கேதான் முதலில் போகும். அழுகிய அடிப்பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புது மரத்தைப் பொருத்தித் தச்சர் தூண்களைக் காப்பாற்றினார். அந்த வேலை தெரிந்த தச்சர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வீடு பார்ப்பதற்கு முன்பே தச்சரைப் பார்த்துப் பேசிவைப்பது நல்லது.

கழிப்பறை பழைய குழிக் கழிப்பறை. லாரி வந்து உறிஞ்சிச் செல்லும். பொதுச் சாக்கடை இல்லாத ஊர் என்பதால் கழிவுநீர்த் தொட்டி புதைக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொட்டியின் அளவைக் குடியிருப்போர் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, வீட்டின் பரப்பு தீர்மானிக்கும். 130 சதுர மீட்டர் வரை ஐந்து பேர் தொட்டி, அதற்கு மேல் ஏழு பேர் தொட்டி. பழைய பண்ணை வீடுகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. இருவர் மட்டும் வசித்தாலும் பெரிய தொட்டிக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஊராட்சிகள் மானியம் தருகின்றன. ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

1981 ஜூனுக்கு முந்தைய வீடுகள் பழைய நிலநடுக்க விதிப்படி கட்டப்பட்டவை என்பது பலருக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் வந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு மாடி மர வீட்டில் தூண், உத்தரம், கூரை என்று பெரிய அளவில் கை வைத்தால் கட்டட அனுமதி வாங்க வேண்டும். வரைபடமே இல்லாத நூறு வயது வீட்டுக்கு அனுமதி என்றால் கட்டடக் கலைஞரின் செலவு கூடும். ‘நானே பழுதுபார்த்துக்கொள்வேன்’ என்ற திட்டத்தோடு வருபவர்கள் எது பெரிய பழுது, எது சின்னப் பழுது என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுக்குள் கிடந்த சாமான்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அலமாரி நிறைய மெத்தைகள், கல்யாண விருந்துக்கான தட்டுகள், காலண்டர்கள். குடும்பத்தாரின் புத்தர் பீடமும் இருந்தது. அதை நாம் தூக்கிப் போட முடியாது. விற்பவர் குடும்பத்தார் பிக்குவை அழைத்து, மந்திரம் ஓதி ஆவியை விடுவித்த பிறகுதான் அது வெறும் மரப்பெட்டி. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தோம்.

இப்போது தண்ணீர். ஜப்பானிலேயே பாசனக் குளங்கள் அதிகம் உள்ள மாநிலம் ஹ்யோகோ. எங்கள் வயலுக்குத் தண்ணீர் மலையடிவாரக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. நம் ஊரில் குடிமராமத்து என்று சொல்வார்களே, அது இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நடவுக்கு முன் வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். வராத வீடு பணம் கட்டும். பணம் கட்டிவிட்டு வராமலே இருந்துவிடலாமே என்று நினைப்பவர்கள் கிராமத்துக்கு வரவேண்டாம். அந்தக் காலையில்தான் மதகு எந்த வரிசையில் திறக்கும், யார் வயலுக்கு அடுத்து யார் வயல் என்பதெல்லாம் பேசப்படும். எழுத்தில் எங்கும் இல்லை. பக்கத்து வயல் பெரியவர் முதல் நாளே கேட்டார்: “ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் மடையை யார் அடைப்பார்?” நான் வீட்டிலேயே இருப்பேன் என்றேன். “சரி, அப்படியானால் உங்கள் செல்பேசி எண்ணைக் கொடுங்கள்” என்றார். வார இறுதிக்கு மட்டும் வருவோம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாசன வசதிக்குப் பரப்பைப் பொறுத்து ஆண்டுக் கட்டணம் உண்டு. அதை வசூலிக்கும் நில மேம்பாட்டுச் சங்கத்தில் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தைய உடைமையாளரின் பாக்கி வாங்கியவர் தலையில் வந்துவிழும். சட்டமே அப்படித்தான்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஊரோடு உரசல் தொடங்குவது பெரும்பாலும் புல்லில்தான். வரப்பில் இடுப்பளவு புல் நிற்பது நமக்குப் பசுமை. பக்கத்து விவசாயிக்கு நஷ்டம். நாற்றப் பூச்சி அந்தப் புல்லில் பெருகி, பால் பிடிக்கும் கதிரில் போய் உறிஞ்சும். அரிசியில் கருப்புப் புள்ளி விழும். முதல் தர அரிசியில் நிறம் மாறிய மணி 0.1 சதவீதம் வரைதான் இருக்கலாம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. இரண்டானால் இரண்டாம் தரம், விலை இறங்கும். நம் வரப்பின் சோம்பேறித்தனம் அவருடைய மூட்டையில் தெரியும். அதனால்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் முழுக்கப் புல்வெட்டும் இயந்திரச் சத்தம். சரிவான வரப்பில் அந்த இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு இடுப்பும் முழங்காலும் பலமாக இருக்க வேண்டும். நிலத்தின் பரப்பைப் பார்ப்பதோடு வரப்பின் உயரத்தையும் பாருங்கள். மலைச்சரிவு வயலில் நெல் விளையும் இடத்துக்கு நிகராகப் புல் வெட்டும் இடமும் இருக்கும்.

காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்டோம். தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு கம்பி, 40 சென்டிமீட்டரில் ஒன்று. மூக்கு படும் உயரம் அதுதான். மேல் உரோமத்தில் அதிர்ச்சி ஏறாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும், ஆகவே மீண்டும் புல்வெட்டும் வேலைதான். மானுக்கு இந்த உயரம் போதாது, குரங்குக்கு எந்த உயரமும் போதாது.

இதே மாதிரி நிலம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: வயலை முதலில் குத்தகைக்கு எடுங்கள். அதற்கும் முறையான வழி இருக்கிறது, வாடகையும் சொற்பம். சில இடங்களில் யாராவது உழுதால் போதும் என்று சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு நடவு பார்த்துவிட்டு வாங்குவதா என்று முடிவெடுக்கலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, விற்பவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விற்பேன் என்றார். ஏன் என்பது இப்போது நன்றாகவே புரிகிறது.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். 80 லட்சம் யென்னுக்கு உட்பட்ட வீடுகளுக்குத் தரகர் 3,30,000 யென் வரை வாங்கலாம் என்று 2024 ஜூலையில் விதி மாறியது. மலிவு வீட்டுக்கு அலைய எந்தத் தரகரும் முன்வராததே காரணம், நியாயமும்கூட. அடுத்து, சொத்து வாங்கியதற்கான மாநில வரி. எல்லாம் முடிந்து மறந்துபோன பிறகு, சில மாதம் கழித்துத் தனிக் கடிதத்தில் வரும். நிலத்தின் வரி மதிப்பு குறைவானால் வராமலே போகலாம். வந்தால் கட்ட ஒரு தொகை எடுத்து வைத்திருங்கள்.

வெளியேறும் வழியை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். வேண்டாம் என்று நிலத்தின் உரிமையைக் கைவிட ஜப்பானில் வழியில்லை. 2023 ஏப்ரல் 27 முதல் நிலத்தை அரசிடம் ஒப்படைக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. வாரிசாக நிலம் பெற்றவர்களுக்கு மட்டும். விலைக்கு வாங்கிய எனக்கு இல்லை. என் மகளுக்கு வழி உண்டு, ஆனால் நிலத்தில் கட்டடம் இருக்கக் கூடாது, எல்லை தெளிவாக இருக்க வேண்டும், வழக்கமாக 2 லட்சம் யென்னிலிருந்து தொடங்கும் தொகையையும் கட்ட வேண்டும். வீட்டை இடிக்கவே வாங்கிய விலைக்குப் பக்கத்தில் ஆகும் என்று தச்சர் சொன்னார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், “அப்பா, அந்தப் பணத்தையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்” என்றாள். போன மாதம் அஞ்சலகத்தில் அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறோம்.